அந்தக் கையெழுத்து இனிச் செல்லாது

சாமி,

அடுப்படியில் நீ கொள்ளு வறுத்துக்கொண்டிருக்கிறாய். வாசனை முன்னறை வரை வந்துவிட்டது. இன்னும் மூன்று நாளில் ஆயுத பூஜை. பூஜைக்கு மறுநாள் காலை திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வடக்கே கிளம்புகிறது. அதில் பதினான்கு பேருக்குச் சமைக்கும் ஆளாக நீ போகிறாய். அடுத்த மழைக்காலத்தில் வேலை நின்று வண்டி ஊர் திரும்பும்போதுதான் நீயும் திரும்புவாய்.

இதை உன்னிடம் நேரிலேயே சொல்லியிருக்கலாம். இன்று இரண்டு முறை அடுப்படி வாசல் வரை வந்தேன். முதல் முறை, "என்னங்கம்மா, டீ வெக்கட்டுங்களா?" என்றாய். வைத்துக் கொடுத்ததைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டாம் முறை இடது கையில் புத்தகமும் வலது கையில் கரண்டியுமாக நின்றிருந்தாய். உன்னைக் கூப்பிட மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். இதன் ஒரு படி உன் பையில் இருக்கும். இன்னொரு படியைப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது. ஏழு வருடத்துக்கு முன்னால் உன்னைப் பற்றி ஒரு தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். அது கதவைச் சாத்திய அறைக்குள் நடந்தது. அதைத் திரும்பப் பெறுவதாவது நாலு பேர் பார்க்க நடக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மாமா வந்தது உனக்கு நினைவிருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அவர் என் அண்ணன், நாமக்கல்லில் கோழித் தீவன மில் வைத்திருக்கிறார், அதில் உனக்கு மேற்பார்வை வேலை தருவதாக இரண்டு வருடமாகச் சொல்லிவருகிறார். செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"ஏண்டா மாப்ளே, கரண்டி புடிக்கறதுக்கா உன்னைய ஆஸ்டல்ல போட்டுப் படிக்க வெச்சாங்க?"

நீ இடியாப்பம்போல் பிழிந்த சந்தகையைத் தட்டில் வைத்து, தேங்காய்ப்பாலை ஊற்றிக்கொண்டே சொன்னாய்: "பெரிய கரண்டி புடிக்கக் கத்துக்கிட்டதே ஆஸ்டல்லதானுங்க மாமா."

உன் அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. மாமா என் பக்கம் திரும்பினார். "ஏனம்மிணி, பேப்பர்ல ஊரு நாயமெல்லாம் எழுதற. ஊட்டு நாயத்தக் கேக்க மாட்டியா? பி.காம். படிச்ச பையன் ரிக்குல சோறாக்கறான்னா, நாளைக்குப் பொண்ணு குடுக்கறவன் என்ன கேப்பான்?"

"சோறு நல்லா இருக்குமான்னு கேப்பான்" என்றார் உன் அப்பா.

மாமா சிரிக்கவில்லை. ஆனால் மூன்று முறை மறுசோறு கேட்பதுபோல் சந்தகை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எண்ணினேன், அது என் தொழில் பழக்கம். கிளம்பும்போது வாசலில் என்னைத் தனியாக நிறுத்தி, "நீ வேண்டான்னு ஒரு வார்த்தை சொன்னீன்னா பையன் நின்னுக்குவான். சொல்லு புள்ள" என்றார். அவர் சொன்னது உண்மை. நான் வேண்டாம் என்றால் நீ நின்றுவிடுவாய். ஏழு வருடத்துக்கு முன்பும் நான் கொண்டுபோய் விட்ட விடுதியில் அப்படித்தான் நின்றாய். ஞாயிறன்று அண்ணனுக்குச் சொல்லாத பதில் இதுதான்: நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீ போகும் முன் உனக்குத் தெரிய வேண்டிய ஒன்றை நான் மறைத்து வைத்திருக்கிறேன். அதைத் தெரிந்துகொண்ட பிறகு என்னோடு பேசுவதா வேண்டாமா என்பதை நீ முடிவு செய்.

நீ சமைக்கத் தொடங்கியது ஒன்பது வயதில். அதற்குக் காரணம் உன் ஆர்வம் இல்லை, நான்தான். புதுச்சத்திரத்தில் வீடு இருப்பது நிருபருக்கு வசதி. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே நெடுஞ்சாலையில் எது நடந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்கலாம். வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் வசதி இல்லை. ஒரு நாள் முட்டை லாரி கவிழ்ந்தது என்று காலையில் போனவள், உடம்பெல்லாம் முட்டை நாற்றத்தோடு மூன்று மணிக்குத் திரும்பினேன். உன் அப்பா லாரியில் நாக்பூர்ப் பக்கம் இருந்தார். பள்ளிக்கு லீவு. காலையில் உனக்கு எதுவும் ஆக்கி வைக்கவில்லை என்பது வாசலில் நின்றபோதுதான் நினைவுக்கு வந்தது. நீ கதவைத் திறந்து, "அரிசிம்பருப்பு ஆக்கியிருக்கறனுங்கம்மா. கொஞ்சம் அடிப்புடிச்சிருச்சு" என்றாய். உன் அப்பா கோடை விடுமுறையில் உன்னை லோடோடு கூட்டிப் போயிருந்தார். லாரி நிழலில் ஸ்டவ் வைத்து அவர் ஆக்குவதைப் பார்த்து நீயே கற்றுக்கொண்டிருந்தாய். ஏன் அடிப்பிடித்தது என்று கேட்டேன். புளி ஜாடியில் சாய்த்து வைத்திருந்த புத்தகத்தைக் காட்டினாய். "அந்தப் பக்கம் முடியட்டும்னு இருந்தனுங்க."

அதன் பிறகு நம் வீட்டில் சமையலுக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. அரிசிம்பருப்பு தம்மில் இருக்க ஆறு பக்கம். தட்டைப்பயறு வேகப் பதினைந்து பக்கம். கொள்ளு வேக ஒரு அத்தியாயம், அதுவும் பெரிய அத்தியாயம். உன் அப்பா வாசலில் வண்டியை நிறுத்தியதும், "இன்னைக்குச் சோத்துக்கு இன்னும் எத்தனை பக்கம் சாமி?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவார். நீயும் விளையாட்டாக இல்லாமல், புரட்டிப் பார்த்து, "நாலு பக்கமுங்க, பெரிய எழுத்துத்தான்" என்பாய்.

பதின்மூன்று வயதில் சேலத்துப் பழைய புத்தகக் கடைக்கு முதல் முறையாகத் தனியாகப் போனாய். திரும்பும்போது பஸ்ஸில் படித்துக்கொண்டே வந்து, நம் ஊரைத் தாண்டி, நாமக்கல் பஸ் நிலையத்தில் போய் இறங்கினாய். அது யாருக்கும் நடக்கும். அங்கிருந்து திரும்பும் பஸ்ஸில் ஏறி, மறுபடி படித்து, மறுபடி நம் ஊரைத் தாண்டி ராசிபுரம் பிரிவு ரோடு வரை போனாய் பார், அது உனக்கு மட்டும்தான் நடக்கும். நான் காவல் நிலையத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். தினமும் செய்தி கேட்டுப் போகும் இடத்தில் அன்று நானே செய்தியாக உட்கார்ந்திருந்தேன். நீ நெடுஞ்சாலை ஓரமாக நடந்து வந்து சேர்ந்தாய். திட்டி முடிக்கும் வரை பொறுமையாக நின்றுவிட்டு, "ஆனா முடிச்சுட்டனுங்கம்மா" என்றாய். அந்தப் புத்தகத்தைச் சொல்கிறாய் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பிறகு அதற்கு வருவேன். உனக்கு ஏழு வயது. சரஸ்வதி பூஜைக்கு வீட்டில் இருந்த எல்லாப் புத்தகங்களையும் அடுக்கிச் சந்தனம் வைத்திருந்தேன். பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் எடுக்கும் வரை தொடக்கூடாது. அன்று மத்தியானம் நீ கட்டிலுக்கு அடியில் படுத்துப் படித்துக்கொண்டிருந்தாய். இழுத்து வெளியே விட்டேன். "இது சாமிகிட்ட வெக்காத புத்தகமுங்கம்மா, அதனால படிக்கலாம்" என்றாய். ஒன்றை மட்டும் முதல் நாளே ஒளித்து வைத்திருந்தாய். அதைப் பிடுங்கிக் கொண்டுபோய் அடுக்கில் வைத்தேன். நீ பொங்கலும் சாப்பிடாமல் அழுதாய். சட்டப்படி உன் வாதத்தில் ஒரு ஓட்டையும் இல்லை. எனக்கு அது அன்றே தெரியும்.

இனி, விடுதி.

வெளியூர்க்காரர்களுக்கு நாமக்கல் என்றால் முட்டையும் லாரியும். பிள்ளை பெற்றவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: விடுதியோடு கூடிய பள்ளிக்கூடங்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் டிபன் கேரியரோடு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பிள்ளைக்கு ஊட்டிவிட்டுப் போவார்கள். நான் அந்தப் பள்ளிகளைப் பல வருடம் எழுதியவள். ரேங்க் அறிவிக்கும் வழக்கம் இருந்த காலத்தில், முடிவு வரும் நாளன்று என்னிடம் மூன்று வாக்கியங்கள் தயாராக இருக்கும். அதிகாலையில் எழுந்து படித்தேன். பெற்றோரும் ஆசிரியரும்தான் காரணம். மருத்துவராகி ஏழைகளுக்கு உதவுவேன். பெயரை மட்டும் மாற்றுவேன். கண் சிவந்து நிற்கும் அந்தப் பிள்ளைகளில் ஒருவரிடமாவது, "பாடம் தவிர என்ன படிப்பாய்?" என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்பது தெரிந்திருந்தால், பதினோராம் வகுப்புக்கு உன்னைக் கொண்டுபோய் அங்கே விட்டிருக்க மாட்டேன். விட்டேன். அது முதல் தவறு. அதைக்கூட நம் பகுதியில் யாரும் தவறு என்று சொல்ல மாட்டார்கள். பிள்ளை மேல் அக்கறை என்றுதான் சொல்வார்கள்.

அங்கே பாடப்புத்தகம் தவிர வேறு புத்தகம் கூடாது. வாரம் ஒரு முறை டிரங்குப் பெட்டிச் சோதனை. நீ ஆறு கதைப் புத்தகங்களைக் கொண்டு போயிருந்தாய். அவற்றைப் பெட்டியில் வைக்காமல் மெஸ்ஸில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தாய். வைக்க இடம் கொடுத்தவர் சமையல் மாஸ்டர் சின்னராசு. ஆத்தூர்ப் பக்கத்து ஆள், அப்போது முப்பது வயதுகூட இருக்காது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். இடம் கொடுத்ததற்கு அவர் கேட்ட கூலி, அவர் காய் நறுக்கும்போது நீ சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும் என்பது. விளையாட்டு நேரத்தில் எல்லாரும் மைதானத்துக்குப் போக, நீ மெஸ்ஸுக்குப் போனாய். அவர் கை ஓயும்போது முந்நூறு பேர் சாம்பாரை நீ கிளறினாய். இதெல்லாம் நீ சொல்லி எனக்குத் தெரியாது. அன்று அந்த அறையில் குற்றப் பட்டியலாக வாசித்தபோது தெரிந்தது.

வார்டன் உங்கள் இருவரையும் பிடித்த மறுநாள் என்னை வரச் சொன்னார்கள். தாளாளர் அறை. மேசை மேல் ஒரு யூரியா சாக்கில் ஆறு புத்தகங்கள். நீ வகுப்பில் இருந்தாய், உன்னைக் கூப்பிடவில்லை. தாளாளர் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், நீங்க பத்திரிகைக்காரங்க. உங்களுக்குத் தெரியாததா? ஒரு பையன் கெட்டா ஒரு ரூமே கெடும்" என்றார். தட்டச்சு செய்த ஒரு தாளை நகர்த்தினார். ‘என் மகன் பாடப்புத்தகம் தவிர வேறு எந்தப் புத்தகமும் வைத்திருக்கவோ படிக்கவோ மாட்டான் என்று உறுதி அளிக்கிறேன்.’ கீழே பெற்றோர் கையெழுத்து. நான் படித்துப் பார்த்தேன். தெரியாமல் போட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. ஒவ்வொரு சொல்லாகப் படித்துவிட்டுத்தான் போட்டேன். அந்தப் பள்ளியின் விளம்பரம் எங்கள் பத்திரிகைக்கு வேண்டியிருந்தது என்பதும் என் மனதில் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

பிறகு சின்னராசுவைக் கூப்பிட்டார்கள். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தார். "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று ஒரே வாக்கியம். அவர் கெஞ்சுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சாக்கைப் பார்த்தார். "சார், அந்தப் பச்சை அட்டை பொஸ்தகத்த மட்டும் நான் எடுத்துக்கட்டுங்களா?" என்றார். தாளாளர் சிரித்தார். "பாத்தீங்களா மேடம்? இதையும் எடைக்குப் போடப் பாக்கறான்" என்றார். நானும் சிரித்தேன். சாமி, இந்தக் கடிதத்தில் எழுதக் கஷ்டமான வாக்கியம் இதுதான். நானும் சிரித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேப்பமரத்தடியில் நீ என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டாய். "என்ற புத்தகமெல்லாம் எங்கீங்கம்மா?" பள்ளியிலேயே வைத்துக்கொண்டார்கள் என்றேன். "மாஸ்டர் எங்கீங்கம்மா?" ஊருக்குப் போய்விட்டாராம் என்றேன். கேட்டதையும் பார்த்ததையும் மட்டுமே எழுத வேண்டும் என்று புதிதாக வரும் நிருபர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள், பெற்ற பிள்ளையிடம் ஒரே மூச்சில் இரண்டு பொய் சொன்னேன். அன்றே அவர்கள் என்னிடம் கொடுத்தனுப்பிய யூரியா சாக்கு நம் வீட்டு அட்டாலியில், நீ படுக்கும் அறைக்கு நேர் மேலே, பழைய பாத்திரங்களுக்குப் பின்னால் இருந்தது. பரீட்சை முடியட்டும், கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். முடிந்த பிறகு, கொடுத்தால் மாஸ்டரைப் பற்றிக் கேட்பாயே என்று பயந்தேன். பயம் பழகிவிட்டால் அட்டாலியில் ஒரு சாமான் ஆகிவிடுகிறது. இறக்க வேண்டும் என்றே தோன்றுவதில்லை.

அந்தச் சாமான் போன வருடம் மழைக்காலத்தில் என் தலையில் இறங்கியது. நீ ஒப்பிட்டுப் போளிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாய். கையெல்லாம் மாவு என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டாய். நான் பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

"தம்பியா? ஆஸ்டல் மெஸ்ஸு சின்னராசு பேசறேம்பா."

"மாஸ்டர்! எப்படீங்க இருக்கீங்க? நம்பர் எப்படீங்க கெடைச்சுது?"

"உங்கூடப் படிச்ச பையன் இங்க திருச்செங்கோட்டுல ரிக் ஆபீசுல இருக்கான்ல, அவன்ட்ட வாங்கினேன். அதெல்லாம் இருக்கட்டும். அந்தக் கழுதை என்னாச்சு?"

நீ சிரித்துவிட்டாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"அதான்பா, பனிமலையில ஒரு ஆளு கழுதையோட போவானே. பாலத்துல பலகை ஒடஞ்சு கழுதை கால் வுட்டுச்சே. அங்கதான நிறுத்துன. பொழைச்சுதா இல்லியா?"

"தெரியலீங்க மாஸ்டர். அன்னைக்கே புடுங்கிட்டாங்க. அப்பறம் சேலத்துல எல்லாக் கடையிலயும் தேடிட்டனுங்க. அந்தப் புத்தகம் போட்டவங்களே இப்ப இல்லையாம்."

"அடப்பாவமே. ஆறு வருசமாக் கேக்கணும்னு இருக்கேம்பா. ராஜஸ்தான்ல ஒட்டகத்தப் பாத்தாக்கூட அந்தக் கழுதை நெனப்புத்தான் வருது."

"நீங்க சொல்லாமக்கொள்ளாம ஊருக்குப் போயிட்டீங்கன்னு அம்மா சொன்னாங்க."

என் கையில் தேங்காய் மூடி அப்படியே நின்றது. பிறகு அவர் குரல் வந்தது. "ஆமாம்பா. போயிட்டேன். அம்மாவக் கேட்டதாச் சொல்லு."

அந்த அறையில் நானும் உட்கார்ந்து சிரித்தது அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தையில் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். செய்யவில்லை. பச்சை அட்டைப் புத்தகத்தை அவர் எதற்காகக் கேட்டார் என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. வேலை போன நிமிடத்தில் ஒரு மனிதனுக்குக் கழுதை பிழைத்ததா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எழுத்துக் கூட்டியாவது படித்து முடித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். அதைத்தான் எடைக்குப் போடப் பார்க்கிறான் என்று சொல்லிச் சிரித்தோம். புத்தகம் பத்தடி தள்ளி அட்டாலியில் இருந்தது. தேங்காயைத் துருவி முடித்தேன்.

இப்போது நீ போகும் இதே ரிக்கில் அப்போது அவர்தான் சமையல். பிறகு ஒரு முறை அவருக்குக் காய்ச்சல் என்று பன்னிரண்டு நாள் அவர் இடத்தில் நீ போனாய். திரும்பி வந்து நீ சொன்ன கதைகளை நான் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். பெயர் தெரியாத சந்தையில் கடுகுக்கு அந்த ஊர்ச் சொல் தெரியாமல், சட்டைப் பையிலிருந்து நாலு கடுகை எடுத்துக் கடைக்காரர் உள்ளங்கையில் போட்டுக் காட்டியது. ரிக்கில் வேலை பார்க்கும் சத்தீஸ்கர் பையன்கள் உன் ரசத்தை டம்ளரில் டீ போலக் குடித்தது. மெஷின் ஓடும் சத்தத்தில் வண்டி நிழலில் உட்கார்ந்து, தினமும் பருப்பு வேகும் நேரத்தில் படித்தே ஒரு முழு நாவலை முடித்தது. "மத்தியானச் சாப்பாடு முடிஞ்சா நாலு மணி நேரம் எனக்கே எனக்குங்கம்மா. யாரும் பெட்டியத் தொறந்து பாக்கறதில்ல" என்றாய். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாய். எனக்குத்தான் அது சாதாரணமாகக் கேட்கவில்லை. இப்போது சின்னராசு ரிக்கோடு பைப் ஏற்றிப் போகும் சப்போர்ட் வண்டியை ஓட்டப் போகிறார். சமையலுக்கு உன்னைக் கூப்பிடுகிறார். கூப்பிட்ட அன்றே சரி என்று சொல்லிவிட்டாய்.

எனக்குப் பயம் இல்லை என்று எழுத மாட்டேன். ரிக் வேலையில் கை போனவரையும் கண் போனவரையும் பேட்டி எடுத்தவள் நான். மெஷின் ஓடும்போது பைப் இறக்கும் பக்கம் போகாதே. வேலை முடித்து வரும் ஆட்கள் கேட்கும் முன்பே சோறு இருக்க வேண்டும். பசித்தவனை இரண்டு பக்கம் காத்திருக்கச் சொல்லாதே, அங்கே உன் அப்பா இல்லை. அடிப்பிடித்தால் கிளறாதே, மேலாக எடு. யாராவது தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் படித்துப் பார். படித்துப் பார்த்தால் மட்டும் போதாது என்பதற்கு உன் அம்மாவே சாட்சி. பிடிக்காவிட்டால் போடாதே. என் அறிவுரை இவ்வளவுதான். பி.காம். பற்றியோ தீவன மில் பற்றியோ எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

உறவுக்காரர்களுக்கும் ஊருக்கும் சொல்ல இருக்கிறது. என் மகன் ரிக்கில் சோறாக்கப் போகிறான். கரண்டி பிடிப்பது கேவலம் என்று நினைப்பவர்கள் இன்றைக்கு ஒரு வேளை அந்தக் கேவலம் இல்லாமல் இருந்து பார்க்கட்டும். படித்தவன் செய்கிற வேலையா என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், படிக்கிறவன் செய்கிற வேலைதான். படித்து முடித்தவர்கள் நீங்கள், அவன் இன்னும் படிக்கிறான். அந்தத் தாளாளருக்கு: உங்கள் கோப்பில் என் கையெழுத்து இருந்தால் கிழித்துவிடுங்கள். கிழிக்காவிட்டாலும் பரவாயில்லை, அது இனிச் செல்லாது. இத்தனை வருடத்தில் பெயர் தவறியதற்கும் ஊர் தவறியதற்கும் எத்தனையோ திருத்தம் போட்டிருக்கிறேன். என் பெயரில் நானே போடும் முதல் திருத்தம் இது. என் மகன் எந்தப் புத்தகத்தையும் வைத்திருப்பான், எங்கும் வைத்துப் படிப்பான் என்று உறுதி அளிக்கிறேன்.

நேற்று நீ திருச்செங்கோட்டுக்குப் போயிருந்தபோது ஏணி போட்டுச் சாக்கை இறக்கினேன். உன் அப்பா கீழே ஏணியைப் பிடித்திருந்தார்.

"ஏம்புள்ள, ஒருவழியா எறக்கிட்டியா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"நமக்குக் காடுமில்ல தோட்டமுமில்ல. அட்டாலியில யூரியா மூட்டை எதுக்குன்னு அன்னைக்கே ஏறிப் பாத்துட்டேன்."

"ஏனுங்க, அப்பறம் ஏன் கேக்கல?"

"நீ கேள்வி கேக்கற ஆளு. பதில் சொல்ற ஆளாட்டம் ஆவட்டும்னு உட்டுட்டேன்" என்றார். பிறகு சாக்கைத் தட்டித் தூசியை விட்டு, தும்மிவிட்டு, "கொஞ்சம் லேட்டுத்தான்" என்றார்.

ஆறு புத்தகங்களும் இருக்கின்றன. ஒன்றின் அட்டை கரையான் அரித்துப் போய்விட்டது. பச்சை அட்டை நன்றாக இருக்கிறது. நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்தில் ஒரு கறிவேப்பிலை இணுக்கு, காய்ந்து காகிதம்போல். நீ வைத்ததோ, அவர் வைத்ததோ. நேற்றும் இன்றும் அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து அந்த இணுக்கு வரை படித்தேன். நல்ல கழுதை. பலகை உடைகிறது, கால் இறங்குகிறது, அந்த ஆள் கயிற்றைப் பிடிக்கிறான், பக்கம் முடிகிறது. முடிவை முதல் வரியிலேயே எழுதிப் பழகிய நிருபர் கை, பக்கத்தைப் புரட்டப் போனது. புரட்டவில்லை. உன் அப்பா மூன்று முறை வந்து, "பொழைச்சுதா?" என்று கேட்டுவிட்டார். தெரியாது என்றேன். அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் ஆள் நான் இல்லை. எனக்கு முன்னால் வரிசையில் ஒருவர் ஏழு வருடமாக நிற்கிறார்.

ஆயுத பூஜையன்று நானும் அப்பாவும் ரிக் நிற்கும் இடத்துக்கு வருவோம். சின்னராசுவிடம் நான் பேச வேண்டும். எல்லார் முன்னாலும் பேசுவேன். அவர் "அட வுடுங்கம்மா" என்பார், நீ என் முந்தானையை இழுப்பாய். இழுக்காதே. அன்று வண்டிக்கு மாலை போட்டு, பைப்புக்கும் ஸ்பானருக்கும் சந்தனம் வைத்து, ஆளாளுக்கு அவரவர் கருவியைக் கொண்டுவந்து வைப்பார்கள். நீ உன் பெரிய கரண்டியை வை. மத்தியானம் வேலை இருக்காது. அவர் வண்டி நிழலில் உட்கார்ந்திருப்பார். நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்திலிருந்து சத்தமாகப் படி.

அதனால், சாமி, இந்தக் கடிதத்தோடு உன் பையில் நான் வைக்கும் அந்த ஆறு புத்தகங்களையும் பூஜையில் வைக்காதே. வைத்தால் மறுநாள் வரை தொடக்கூடாது. ஏழு வருடம் நான் வைத்திருந்தது போதும்.

அம்மா